ஒன்பதாம் வாரம்: வாசிப்பு இல்லை

அண்ணனுடைய பட்டியல் சரிபார்ப்புக்கு வந்து நின்றபோது அவள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புதுப் பருவம் தொடங்கப்போகிற நாட்களில் பல்கலைக்கழக நூலகத்தின் அந்தப் பிரிவில் மூச்சுவிட நேரமிருக்காது. மாணவர்கள் எந்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் இணையத்தில் ஒரு வாசிப்புப் பட்டியல் போடுவார்கள். 'நூலகத்துக்கு அனுப்பு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் எல்லாம் இவள் தலையில். அந்தப் புத்தகம் இருக்கிறதா, மின்நூலாக வாங்க முடியுமா, வாங்கினால் ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம், சுட்டியை அழுத்தினால் சரியான இடத்துக்குப் போகிறதா, ஒரே ஓர் அத்தியாயம் போதுமென்றால் ஸ்கேன் செய்து ஏற்றிவிடலாமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இவள் சரி சொன்ன பிறகுதான் அது மாணவர்களின் திரைக்குப் போகும். பாதி ஆசிரியர்கள் போன வருடப் பட்டியலை அப்படியே தூசி தட்டி அனுப்புவார்கள். சிலர் புத்தகத்தின் பெயரையே தப்பாக எழுதிவிட்டு, நூலகத்தில் ஒன்றுமே கிடைப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்வார்கள்.

அண்ணன் அந்த ரகம் இல்லை. அவருடைய பட்டியலைக் கடைசிக்கென்று ஒதுக்கிவைத்து, அலுத்துப்போன நேரத்தில் திறப்பது அவளுடைய வழக்கம். 'நகரமும் தண்ணீரும்' என்பது அவர் பாடம். நகரங்கள் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவந்தன, அழுக்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டின, யார் வீட்டுக்குக் குழாய் வந்தது, யார் வீட்டுக்கு வராமலே போனது என்று பருவம் முழுக்க ஓடும். ஒவ்வொரு வாசிப்புக்கும் கீழே மாணவர்களுக்குக் குறிப்பு எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், மிஞ்சிப்போனால் 'கட்டாயம்' என்று ஒரு வார்த்தை போடுவார்கள். அண்ணன் அந்தக் கட்டத்தில்தான் குடியிருந்தார். 'முதல் பத்துப் பக்கம் போரடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கிணறு வரும். அந்தக் கிணற்றுக்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் நடக்கவைக்கிறேன்' என்று எழுதுவார். 'இந்த ஆசிரியர் சொல்வதை நம்பாதீர்கள். ஆனால் எவ்வளவு அழகாகப் புளுகுகிறார் என்று பாருங்கள்' என்று எழுதுவார். படித்துவிட்டு அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கட்டங்களுக்காகவே அந்தப் பாடத்தில் சேர்கிற பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்த முறை முதல் இரண்டு வாரமும் அதே பழைய அண்ணன்தான். மூன்றாம் வாரத்தில் அந்தக் கிணற்று அத்தியாயம் இருந்தது. நான்காம் வாரத்திலும் அதுவே இருந்தது. கை தவறியிருக்கும் என்று ஒன்றை நீக்கிவிட்டு, அவர் அறைக்கு போன் போட்டாள்.

"அண்ணா, கிணத்தை ரெண்டு தடவை வெட்டி வச்சிருக்க."

"அப்படியா? தூக்கிடு குட்டி. தூக்கக் கலக்கத்துல போட்டிருப்பேன்."

நாற்பத்தைந்து வயதுக்காரியை 'குட்டி' என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னதும், அவளுக்கு ஒரு வழி பிறக்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதும் அவர்தான். அண்ணி இறந்த பிறகு அவரைத் தன் வீட்டு மாடிக்கே அழைத்து வந்துவிட்டாள். அவளுடைய கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார், நல்ல மனிதர், மச்சான் மேலே நடமாடுகிற சத்தம் இல்லாவிட்டால் அவருக்கே வீடு வெறிச்சென்றிருக்கும்.

வகுப்புகள் தொடங்கி மூன்றாம் வாரம் நடக்கும்போது பட்டியலில் மாற்றம் செய்திருப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. திறந்தாள். ஐந்தாம் வாரத்தில் கிணறு. ஆறில் கிணறு. ஏழில் இருந்ததை அழித்துவிட்டு அங்கேயும் கிணறு. எதன் கீழும் குறிப்பு இல்லை. ஏழாவது வாரத்தின் கட்டத்தில் மட்டும் 'இதைப் படி' என்று இருந்தது. 'படியுங்கள்' இல்லை, 'படி'. அது மாணவர்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை. அவர் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளாகக் கண்ணில் பட்டும் படாதது போல் அவள் விட்டுவைத்திருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மேலே போனவர் இறங்கிவந்து மறுபடியும் தட்டை எடுத்து வைத்தது. தெருமுனையில் நின்று இடமா வலமா என்று யோசித்துவிட்டு, ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்தது. "மச்சான் ஒரே மாத்திரைக்கு ரெண்டு தடவை கடைக்கு வந்துட்டாரு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்று கணவர் சொன்னதும், "உங்களுக்கு எங்க அண்ணனைக் கண்டா வியாதிதான் ஞாபகம் வருமா? மருந்துக்கடை புத்தி" என்று அவள் வெடுக்கென்று சொன்னதும், அவர் வாயை மூடிக்கொண்டதும்.

விதிப்படி பார்த்தால் பட்டியலைக் குறிப்பு எழுதி அவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பிரதி துறைக்கும் போகும். அவள் அனுப்பவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியலைத் தேடி எடுத்து, அதில் இருந்த வாசிப்புகளை ஐந்து, ஆறு, ஏழு என்று எடுத்து ஒட்டினாள். சில சுட்டிகள் செத்துப்போயிருந்தன. அவற்றுக்குப் பதில் அவளே தேடி வேறு கட்டுரைகளைப் போட்டாள். பழைய குறிப்புகளை அப்படியே போட்டால் சீனியர் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஆகவே கட்டுரைகளைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து, குறிப்புகளையும் அவளே எழுதினாள். முதல் குறிப்பை எழுத ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. எழுதிப் பார்த்தால் நூலக அறிவிப்பு மாதிரி இருந்தது. அழித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் சாப்பாட்டு மேஜையில் பேசுவதை நினைத்துக்கொண்டாள். 'இந்தக் கட்டுரையில் குழாய்க்குப் பெயர் இருக்கிறது, குழாயைப் போட்ட கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது. பள்ளம் தோண்டியவர்களுக்குப் பெயர் இல்லை. தேடிக்கொண்டே படியுங்கள்' என்று வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அண்ணனேதான். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கமில்லாமல் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களுக்கும் அப்படியே செய்தாள். அண்ணன் உள்ளே போய்க் கிணற்றைப் போடுவார், இவள் மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதை எடுப்பாள். அவர் போட்டதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒன்பதாம் வாரத்துக்கு வந்தபோது அவள் களைத்துப்போயிருந்தாள். பழைய பட்டியலில் அந்த வாரத்துக்கு வாசிப்பே இல்லை. 'இந்த வாரம் வாசிப்பு இல்லை. பழைய நீரேற்று நிலையத்துக்குப் போகிறோம். நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள்' என்று மட்டும் இருந்தது. அப்பாடா, ஒரு வாரம் பிழைத்தோம் என்று அதை அப்படியே எடுத்து ஒட்டினாள். இடையில் இரண்டு வருடங்களாக அண்ணன் ஏன் அந்தப் பயணத்தைப் போடவில்லை என்று அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

எட்டாம் வாரத்தில் ஒரு மாணவி நூலகத்துக்கு வந்தாள். கதவு நிலையில் தலை இடித்துவிடுமோ என்று பார்ப்பவர்கள் பயப்படுகிற உயரம். அண்ணன் அவளை 'நெட்டை' என்று கூப்பிடுவார், அவளும் அதைப் பட்டம் வாங்கியது போல் வைத்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு முன்னால் நின்று பையின் வாரை முறுக்கினாள்.

"மேடம், நீங்க சாரோட தங்கச்சிதானே?"

"ஆமா, என்னம்மா?"

"லிஸ்ட்ல ஒண்ணு இருக்கு, கிளாஸ்ல வேற ஒண்ணு நடக்குது மேடம். நாலு வாரமா சார் அந்தக் கிணத்தைப் பத்தியே சொல்றாரு. ஒவ்வொரு தடவையும் புதுசா சொல்ற மாதிரியே சொல்றாரு. நல்லாத்தான் இருக்கு, ஆனா..." அவள் குரலைத் தணித்தாள். "நாங்க யார்கிட்டயும் சொல்லல. கிளாஸ் முடிஞ்சா ஒருத்தர் கூடவே போய் ரூம்ல விட்டுட்டு வந்துடுவோம். லிஸ்ட்ல இருக்கிற குறிப்பை வச்சு நாங்களே படிச்சுக்கிறோம். கிளாஸ்ல பேசுறப்போ ஒரு மாதிரி இருந்தாலும், எழுதும்போது சார் சரியா எழுதுறாருல்ல? அதனால சீக்கிரம் சரியாயிடும்னு..." என்று சொல்லிவிட்டு இவள் முகத்தையே பார்த்தாள்.

அந்தக் குறிப்புகளை எழுதுவது தான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இவள் சொன்னது, "ரெஸ்ட் இல்லம்மா அவருக்கு. நான் பேசுறேன்" என்பதுதான். நெட்டை தலையாட்டிவிட்டுப் போனாள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள், இன்னொரு பக்கம் தான் பிடித்திருக்கிறோம், நடுவில் அண்ணன் நிற்கிறார், நிற்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியாது என்று அன்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். இந்த வாரக் கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போவோம் என்று முடிவும் செய்தாள். வாரக் கடைசியில் கணவரின் கடைக்குச் சரக்கு வந்தது, அண்ணனுக்கும் அன்று முகம் தெளிவாக இருந்தது, பேச்சில் சிரிப்பு இருந்தது. தள்ளிப்போட அவ்வளவு போதாதா?

ஒன்பதாம் வாரம் வகுப்பு நாள் காலையில் அண்ணன் படியிறங்கி வந்தபோது காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அவள் பார்த்தாள். மழைக்கால வானம், அதனால் போட்டிருக்கிறார் என்று தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பதினொரு மணி வாக்கில் நெட்டை மூச்சிரைக்க நூலகத்துக்குள் வந்தாள். "மேடம், சார் எங்க? ட்ரிப்னு போட்டிருந்துச்சு, நாங்கல்லாம் டிபார்ட்மெண்ட் வாசல்ல நிக்கிறோம். பஸ்ஸும் வரல, சாரும் வரல. ஆபீஸ்ல கேட்டா அப்படி ஒரு ட்ரிப்பே இல்லைங்கிறாங்க. அந்த இடத்தையே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இடிச்சிட்டாங்களாம்."

பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாளில் அண்ணன் எப்போதும் முன்னாடியே தனியாகப் போய்விடுவார். காவலாளியிடம் பேசி, கதவைத் திறக்கவைத்து, வழுக்குகிற படிகள் எவை என்று தானே இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விடுவார். அவள் போன் போட்டாள். வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கணவருக்குப் போட்டாள். அவர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிப் பார்த்தார். அண்ணனின் போன் மாடியில் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்திருந்ததாம்.

நீரேற்று நிலையம் இருந்த இடத்தில் தகரத் தடுப்புகள் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு பெரிய இயந்திரம் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்றவன் காலையில் ஒரு பெரியவர் வந்ததாகச் சொன்னான். "உள்ள விடுன்னாரு. இங்க ஒண்ணும் இல்ல சார்னேன். கிணறு இருக்கு, எனக்குத் தெரியும்னாரு. சத்தம் போட்டேன், போயிட்டாரு." எந்தப் பக்கம் என்று அவன் கவனிக்கவில்லை. அவளும் கணவரும் கால்வாய்க் கரையோடு நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. நெட்டையும் இன்னும் சில பிள்ளைகளும் எதிர்க்கரையில் நடந்தார்கள். தண்ணீர் கலங்கி, குப்பையையும் மரக்கிளைகளையும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு துணிமூட்டையும் அவளுக்கு வேறொன்றாகத் தெரிந்தது. நான் அப்பவே சொன்னேன் என்று கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கணவர்தான் முதலில் பார்த்தார். பாதாளச் சாக்கடைக்காகச் சாலையோரம் அடுக்கி வைத்திருந்த பெரிய சிமெண்ட் குழாய் ஒன்றுக்குள் அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. உதடு நீலம் பாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"பசங்க எல்லாரும் வந்துட்டாங்களா? படி வழுக்குது குட்டி, பார்த்து இறங்கச் சொல்லு."

மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் கணவரோடு விட்டுவிட்டு அவள் துறைத்தலைவியின் அறைக்குப் போனாள். துறைத்தலைவி அண்ணனிடம் படித்தவள், அவர் அறைக்குள் வந்தால் இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறவள். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் நீக்கிய கிணற்றிலிருந்து, நேற்றைய ரப்பர் செருப்புவரை. துறைத்தலைவி திரையைத் திருப்பி அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

"எந்த வாரத்துலேருந்து நீங்க எழுதுறீங்க?"

"அஞ்சுலேருந்து."

துறைத்தலைவி மெல்ல நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். பள்ளம் தோண்டியவர்களின் பெயரைப் பற்றிய குறிப்பு.

"சார்கிட்ட என்னமோ சரியில்லைன்னு எனக்கும் தோணுச்சு. கமிட்டியில ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டாரு. பேசணும்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடி எதுக்கும் லிஸ்டைப் பார்ப்போம்னு திறந்தேன். இதைப் படிச்சேன்." துறைத்தலைவியின் விரல் திரையில் இருந்தது. "இப்படி எழுதுற மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமேன்னு மூடி வச்சுட்டேன்."

அதற்குமேல் துறைத்தலைவி அவளைத் திட்டவில்லை. திட்டாமல் விட்டது அவளைத் துரத்திக்கொண்டே வந்தது. நூலகத்தில் அவளை விசாரித்தார்கள், எழுதி வாங்கிக்கொண்டார்கள், வேறு பிரிவுக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு வந்து அடங்கியது. அண்ணனுக்கு மருத்துவ விடுப்பு என்றார்கள், பிறகு ஓய்வு என்றார்கள். டாக்டர் படங்களைக் காட்டி விளக்கினார். மூளையில் எந்த இடம் சுருங்கியிருக்கிறது என்று அவர் பேனாவால் காட்டியபோது அண்ணன் வகுப்பில் முதல் பெஞ்சில் இருப்பவர் போல் முன்னால் சாய்ந்து கவனமாகக் கேட்டார். "இது எப்பலேருந்து இருக்கும்?" என்றார். "ரெண்டு மூணு வருஷமா இருக்கலாம் சார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மாத்திரை ஓரளவு பிடிச்சு நிறுத்தியிருக்கும்" என்றார் டாக்டர். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவராகத்தான் கேட்டார். ஒரு விடுமுறை நாள் காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். மடிக்கணினியில் அவருடைய பட்டியல் திறந்திருந்தது. அன்று நல்ல நாள். கண்ணில் அந்தப் பழைய கூர்மை இருந்தது. அந்தக் கூர்மையைக் கண்டு அவள் பயந்தது அதுதான் முதல் தடவை.

"நேத்து எங்க டிபார்ட்மெண்ட் ஹெட் வந்திருந்தாளே, பேச்சுவாக்குல சொன்னா. அஞ்சாவது வாரத்துலேருந்து நீ எழுதினியாமே?"

"ஆமாண்ணா."

"இது?"

"நான்தான்."

"இந்தப் பள்ளம் தோண்டினவன்?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். கையில் பிழியாத சட்டை ஒன்று இருந்தது. தரையில் தண்ணீர் சொட்டியது.

"கோவமாண்ணா? உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான்... உன்னை யாரும் ஒரு மாதிரி பார்த்துடக் கூடாதுன்னு..."

"கோவம் இல்ல." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் குட்டி. என்னமோ கழண்டுக்கிட்டு வருதுன்னு உங்க எல்லாருக்கும் முன்னாடியே எனக்குத் தெரியும். கிளாஸ்ல நிக்கிறப்போ அடுத்த வாக்கியம் வராது. தெருவுல வீடு வராது. அப்ப ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு இதைத் திறந்து பார்ப்பேன். எழுதின ஞாபகம் இருக்காது. ஆனா நல்லா எழுதியிருக்கும். என்னைத் தவிர யாரு இப்படி எழுதுவா? அப்ப நான் இன்னும் இருக்கேன், எழுதுற ஆளு உள்ள பத்திரமா இருக்கான், சும்மா பயப்படுறேன்னு நினைச்சுப்பேன்." அவர் மடிக்கணினியை மெதுவாக மூடினார். "இதைப் பார்த்துத்தான் தைரியமா இருந்தேன்."

கீழே கணவர் யாரிடமோ போனில் மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் கை அவள் தலைமேல் வந்தது. பின்னல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுவது போல் விரல்கள் முடிக்குள் அலைந்தன. "நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "ஆனா 'தேடிக்கொண்டே படியுங்கள்'னு முடிச்சிருக்க வேணாம். அது அவங்களுக்கே தோணணும்."

பருவத்தின் மிச்சத்தை நடத்த ஒரு புது விரிவுரையாளர் வந்தாள். சின்னப் பெண், வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள். நூலகத்துக்கே வந்து பட்டியலை உட்கார்ந்து பார்த்தாள். "முதல் நாலு வாரம் சாரோடது, நான் தொட மாட்டேன் மேடம். மத்ததுல உங்க குறிப்பு இருக்கு. நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்றாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐந்தாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் திறந்து தான் எழுதியதை அழித்தாள். ஒவ்வொரு தடவையும் இதை நீக்கத்தான் வேண்டுமா என்று கணினி கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்று அழுத்தினாள். பள்ளம் தோண்டியவர்கள் போனார்கள். ஒன்பதாம் வாரம் போனது. கட்டங்கள் வெள்ளையாக இருந்தன, மற்ற எல்லாருடைய பட்டியலையும் போல.

வீட்டில் தனியாக விட முடியாததால் அண்ணனைத் தினமும் தன்னோடு பஸ்ஸில் கூட்டிவந்தாள். ஓய்வுபெற்றவர்களுக்கான நூலக அட்டை ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். வாசிப்பறையில் அவள் மேஜையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார். சில நாட்கள் படிப்பார். சில நாட்கள் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய மாணவர்கள் வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். யாரென்று தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி, "நல்லா இருக்கியா? இன்னும் படிக்கிறியா?" என்பார். அந்தக் கேள்வி எல்லாருக்கும் பொருந்தியது.

ஒரு முற்பகலில் அவள் ஒரு சுட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. கழிப்பறையில் இல்லை. புத்தக அடுக்குகளுக்கு நடுவில் இல்லை. வாசல் காவலாளி பார்க்கவில்லை. கால்வாய்த் தண்ணீர் மறுபடியும் காதுக்குள் இரைய, அவள் படியிறங்கி, துறைக் கட்டிடத்துக்குள் நுழைந்து, பழக்கத்தில் அவருடைய பழைய அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. அங்கிருந்து வகுப்பறைகளின் நீண்ட நடையில் ஒவ்வொரு கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகவும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். நாலாவது கதவில் நின்றாள்.

அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நெட்டை, யாரோ அவருக்குக் கொடுத்த ஒரு காகிதமும் பேனாவும் முன்னால். புது விரிவுரையாளர் திரையில் ஒரு பழைய நகரத்தின் வரைபடத்தைப் போட்டு, குழாய்கள் போன வழியை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கவனித்துக்கொண்டிருந்தார். கழுத்து முன்னால் நீண்டு, புருவம் சுருங்கி, முழு ஆளும் கண்ணில் இருந்தார். திடீரென்று அவர் வலது கையைத் தூக்கினார். நேராக, விரல்களைச் சேர்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை தூக்குவது போல். விரிவுரையாளர் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு கணம் தயங்கி, சிரித்த முகத்தோடு அவர் பக்கம் கையைக் காட்டினாள். பெஞ்சுகள் எல்லாம் திரும்பின.

அவர் வாய் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. விரிவுரையாளர் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தாள். இவள் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வெளியே நின்றாள், திருப்பவில்லை. அண்ணனின் கை இறங்கவில்லை. கேட்க வந்தது எதுவோ அது அங்கேதான் எங்கேயோ இருக்கிறது, விட்டால் போய்விடும் என்பது போல் அந்தக் கை உயர்ந்தே இருந்தது, சட்டைக் கை மெல்ல முழங்கைவரை சரிய, வகுப்பு முழுக்கத் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.